சிறுபடமும் பெரும்படமும்

புல்லின் நுனியில் நிற்கும் பனித்துளி தினையினுஞ் சிறியது. எனினும், அருகே ஓங்கி நிற்கும் பனைமரத்தின் முழு உருவமும் அத்துளியினுள் அடங்கித் தோன்றும். குறள் வெண்பாவின் பெருமையை இவ்வுவமையால் விளக்கும் பாட்டொன்று திருவள்ளுவமாலையிற் கபிலர் பெயரால் வழங்குகின்றது. சூத்திரத்துக்கு இலக்கணங் கூறப் புகுந்த நன்னூலாரும் ஆடியினுட் பொருள் செறிந்து விளங்குதலையே எடுத்துக் காட்டினார். ஆகவே, பெரியதைச் சிறியதிற் காட்டுதல் நம்மவர்க்குப் புதிய எண்ணமன்று. ஆனால், அப்பனித்துளியை விரலால் தொட்டவுடன் பனைமரமே நம்முன் வந்து நிற்குமாயின் அஃது எத்துணை வியப்பாகும்! கணினித் திரையில் அவ்வியப்பு நாடோறும் நிகழ்கின்றது. நாடோறும் நிகழ்வதனாலேயே எவரும் அதனை வியப்பாரல்லர்.

இணையத்திற் படங்களைத் தேடுவோர் முதலிற் காண்பவை பெரும்பாலும் முத்திரை அளவிற் சிறு சிறு படங்களே. அவற்றுள் ஒன்றைச் சொடுக்கினால் அதன் பெரிய வடிவம் திறக்கும். ஆங்கிலேயர் இதனைப் பெருவிரல் நகத்தின் பெயரால் வழங்குவர். ஓவியர் முழு ஓவியந் தீட்டுமுன் தாளின் ஓரத்தில் நகத்தளவிற் கீறிப்பார்க்கும் மாதிரிக்கும் அவர்களிடத்து அதுவே பெயர். யாம் இக்கட்டுரையில் அதனைச் சிறுபடம் என்றே கூறுவோம். சிறுபடம் என்பது இரு பொருள்களின் சேர்க்கை என்பதை வாசகர் முதற்கண் மனங்கொள்ளல் வேண்டும். ஒன்று, சுருக்கிய உருவம். மற்றையது, அவ்வுருவத்தினின்றும் பெரிய உருவத்துக்குச் செல்லும் வழி. வழி இல்லாத சிறுபடம் வெறும் சிறிய படமே. அது வாயில் ஆகாது. இவ்வேறுபாட்டை மறந்தமையால் எமது கல்லூரியின் பழைய படங்கள் எத்தனையோ இன்று பயனற்றுக் கிடக்கின்றன. அதனை உரிய இடத்திற் கூறுவோம்.

இம்முறை ஏன் தோன்றியது? ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் ரிம் பேணர்ஸ்-லீ 1989ஆம் ஆண்டில் முன்மொழிந்த வலை முதலில் எழுத்துக்கெனவே அமைந்தது. தொடக்ககால உலாவிகள் பலவற்றிற் படம் ஒன்றைக் காண விரும்பினால் அது தனியான சாளரத்திலேயே திறக்கும். 1993ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் மொசெயிக் என்னும் உலாவியை ஆக்கிக்கொண்டிருந்த மார்க் அண்ட்றீசன், எழுத்துக்களினிடையே படத்தையும் பதிக்கும் குறியொன்றை ஏனைய ஆய்வாளர்க்கு முன்மொழிந்தார். அம்முன்மொழிவிலேயே, இணைப்புக் குறியினுள் இப்படக் குறியை வைத்தால், படமே சொடுக்கத்தக்க பொருளாகிவிடும் என்பதையும் அவர் குறித்தார். இன்று உலகெங்கும் கோடிக்கணக்கில் விளங்கும் சிறுபடங்களின் தோற்றுவாய் அவ்வொரு குறிப்பே எனலாம். (அதே ஆண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எமது மாணவர் மின்சாரமின்றி மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியிற் படித்துக்கொண்டிருந்தனர் என்பதை இளைஞர் ஈண்டு நினைத்துக்கொள்வார்களாக.)

வழி பிறந்தது, ஆனால் பாதை ஒடுங்கியது. தொலைபேசிக் கம்பியூடாக இணையத்தை அடைந்த அக்காலத்து மோடம் ஒன்று வினாடிக்கு 28,800 பிற்றுக்களையே கொண்டுவர வல்லது. 600 கிலோபைற்று அளவினதான புகைப்படம் ஒன்றில் 48 இலட்சம் பிற்றுக்கள் உள. வகுத்துப் பார்ப்பின், அப்படம் ஒன்று வந்து சேர 167 வினாடி, அஃதாவது மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நேரம், வேண்டும். விளையாட்டுப் போட்டியின் 20 படங்களை ஒரே பக்கத்தில் வைத்தால் ஏறத்தாழ 56 நிமிடம் செல்லும். ஒரு பாடவேளையும் அதற்குப் போதாது. அவ்விருபது படங்களையும் ஆறு ஆறு கிலோபைற்று அளவிற் சுருக்கி வைத்தாலோ 33 வினாடிகளில் அனைத்தும் வந்துவிடும். வாசகர் தாம் விரும்பிய ஒன்றிரண்டினை மாத்திரம் சொடுக்கிப் பெரிதாகக் காணலாம். தொலைபேசிக் கட்டணத்தை நிமிடக் கணக்கிற் செலுத்திய அந்நாளில் இஃது அழகுக்காகச் செய்த அலங்காரமன்று. பணத்தையும் பொறுமையையும் காத்த உபாயம்.

இன்று பாதை அகன்றுவிட்டது. எனினும் சிறுபடம் ஒழியவில்லை. ஏனெனில், அகலாதது ஒன்று உண்டு. அது மனிதன் கண். ஆயிரம் படங்களுள் வேண்டிய ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டுமாயின் அவற்றை நிரையாக வைத்து ஒருங்கே நோக்குதல் வேண்டும். கூகிள் நிறுவனம் 2001ஆம் ஆண்டு யூலை மாதத்திற் படத்தேடலைத் தொடங்கியபோது 25 கோடிப் படங்கள் அதன் அட்டவணையில் இருந்தன. முந்திய ஆண்டில் ஒரு பாடகி விழாவொன்றுக்கு அணிந்துசென்ற பச்சை நிற ஆடையைக் காண உலகமே முண்டியடித்தமைதான் அத்தேடலுக்கு வித்திட்டது என்று அந்நிறுவனத்தாரே பின்னர் கூறினர். அறிவு வளர்ச்சிக்கு எது எது காரணமாகின்றது என்பதை யாரே சொல்ல வல்லார்!

பழைய மாணவருள் மூத்தோர்க்கு இம்முறை முற்றிலும் புதியதன்று. முப்பத்தைந்து மில்லிமீற்றர்ச் சுருளில் எடுத்த 36 படங்களின் நெகற்றிவ்வை ஆறு ஆறாக வெட்டி, ஒரே தாளின்மீது கிடத்தி, இருட்டறையில் ஒளிபாய்ச்சி எடுக்கும் தொடுபடத் தாளை அவர்கள் ஸ்ரூடியோக்களிற் கண்டிருப்பர். ஒவ்வொரு படமும் 24 மில்லிமீற்றர் உயரமும் 36 மில்லிமீற்றர் அகலமுங் கொண்டு நிற்கும். படப்பிடிப்பாளர் அதனை உருப்பெருக்கும் வில்லையால் நோக்கி, எவர் கண்ணை மூடிவிட்டார், எவர் திரும்பிவிட்டார் என்று பார்த்து, நல்லதொன்றை மெழுகுப் பென்சிலாற் குறித்துப் பெரிதாக்குவார். சிறியதை நோக்கிப் பெரியதைத் தெரிதல் என்னும் அளவில் இரண்டும் ஒன்றே. ஆயினும் அவற்றிடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. தொடுபடத்தை வில்லையால் நோக்கும்போது நெகற்றிவ்வில் இருந்த நுட்பமெல்லாம் தோன்றும்; அங்கே உருவம் சிறியதேயன்றிச் செய்தி குறைந்ததன்று. கணினிச் சிறுபடத்தை எவ்வளவு பெருக்கினாலும் சதுரங்களே தோன்றும். அங்கே செய்தியே குறைந்துவிட்டது.

இஃது எங்ஙனம் நிகழ்கின்றது என்பதை விளக்குவாம். கணினிப் படம் என்பது நிரை நிரையாக வைத்த நிறப்புள்ளிகளின் தொகுதி. பிக்செல் என்பர். கோலத்துக்குப் புள்ளி வைப்பார்போலக் குறுக்கே 1600 புள்ளியும் நெடுக்கே 1200 புள்ளியும் வைத்த படத்தில் 19,20,000 புள்ளிகள் உள. இதனைக் குறுக்கே 160, நெடுக்கே 120 என்று சுருக்கினால் 19,200 புள்ளிகளே எஞ்சும். அஃதாவது, மூலப்படத்தின் 100 புள்ளிகள் இருந்த இடத்தில் இனி ஒரு புள்ளியே இருக்கும். அந்நூற்றுக்கும் பதிலாக எந்த நிறத்தை வைப்பது?

எளிய வழி, நூற்றுள் ஒன்றைப் பொறுக்கி ஏனைய தொண்ணூற்றொன்பதையும் எறிந்துவிடுதல். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம்மவர் வழக்கு. அவ்வழக்குச் சோற்றுக்குப் பொருந்துவது, பானை முழுவதும் ஒரே வகையாய் வேகுதலால். புகைப்படம் அவ்வாறு வெந்த பானையன்று. கோடிட்ட சட்டை, கம்பி வேலி, ஓட்டுக் கூரை, கிடுகு வேலி என்றிவற்றைக் கொண்ட படத்தில் இவ்வாறு ஒன்றைப் பொறுக்கினால், இருட்கோடும் ஒளிக்கோடும் ஒழுங்கின்றி அகப்பட்டு, மூலப்படத்தில் எங்கும் இல்லாத அலைபோன்ற பட்டைகள் சிறுபடத்தில் தோன்றும். சாய்ந்த விளிம்புகள் வாளின் பற்களைப்போல் முறிந்து தெரியும். ஆதலின், நல்ல மென்பொருள் நூறு புள்ளிகளையும் கூட்டி நூறால் வகுத்துச் சராசரி நிறத்தை வைக்கும். இன்னும் நல்லது, அயலிலுள்ள புள்ளிகளுக்கும் அவற்றின் அண்மைக்கேற்ப நிறை கொடுத்துக் கணிக்கும். அங்ஙனஞ் சுருக்கிய பின் படம் சற்று மங்கித் தோன்றுமாதலின், விளிம்புகளைச் சிறிதே கூர்மையாக்குதலும் வழக்கம். சிறிதே என்றோம், மிகுந்தால் முகங்களைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றி அனைவரும் நாயன்மாராகிவிடுவர்.

ஈண்டு ஜேபெக் என்னும் முறையைப் பற்றியும் ஒரு சொல் கூறல் தகும். 1992ஆம் ஆண்டில் நியமமாக்கப்பட்ட இம்முறை, படத்தை எட்டுக்கு எட்டாக, அஃதாவது 64 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் அலைகளின் கூட்டாக மாற்றி எழுதுகின்றது. இதற்கு அடிப்படையான கணித உருமாற்றத்தைப் பெங்களூரிற் பிறந்த நசீர் அகமது, நடராஜன், ராவ் என்னும் மூவர் 1974ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கண் எளிதில் உணராத நுண்ணலைகளைக் குறைத்தெழுதுவதாற் கோப்பு பத்திலொரு பங்களவிற் சுருங்குகின்றது. ஒவ்வொரு கட்டத்திலும் முதலாவதாக எழுதப்படும் எண் அக்கட்டத்தின் 64 புள்ளிகளின் சராசரியைக் குறிப்பது. ஆதலால் அம்முதலெண்களை மாத்திரம் பொறுக்கி அடுக்கினால், எட்டிலொரு பங்கு அகலமும் எட்டிலொரு பங்கு உயரமும் உடைய சிறுபடம் தானே கிடைத்துவிடும். வித்தினுள் மரம் உறங்குவதை அறிவோம். இங்கே மரத்தினுள் வித்து உறங்குகின்றது.

இனி, வகுப்புப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிரைக்குப் பதினால்வராக மூன்று நிரையில் மாணவர் நிற்க, நடுவே வகுப்பாசிரியர் அமர்ந்திருக்கும் வழமையான படம். அகலம் 1600 புள்ளியாயின் ஒருவருக்கு ஏறத்தாழ 114 புள்ளி இடம் உண்டு. அதில் முகம் 45 புள்ளி அகலம் பெறும். அவ்வளவிருப்பின் அவரை அறிந்தோர் இன்னார் என்று சொல்லிவிடுவர். அதனையே 160 புள்ளியாகச் சுருக்கின் முகத்துக்கு நாலரைப் புள்ளியே எஞ்சும். நாலரைப் புள்ளியிற் கண்ணும் மூக்கும் வாயும் எங்ஙனம் அமையும்? பெற்ற தாயும் அடையாளங் காணாள். ஆயினும் அது வகுப்புப் படம் என்பதும், கட்டடத்தின் முன் எடுத்தது என்பதும், மூன்று நிரை என்பதும் தெரியும். சிறுபடத்தின் கடமை அவ்வளவே. உள்ளே வருக என்று அழைப்பதன்றி, உள்ளே உள்ளாரை அறிமுகஞ் செய்தல் அதன் தொழிலன்று.

வழியமைத்தலைப் பற்றிச் சுருங்கக் கூறுவோம். வலைப்பக்கத்தின் குறிமொழியில் இரண்டு முகவரிகள் எழுதப்படும். வெளியே உறைபோல நிற்கும் இணைப்புக் குறி பெரும்படத்தின் முகவரியைத் தாங்கும். அதன் உள்ளே நிற்கும் படக்குறி சிறுபடத்தின் முகவரியைத் தாங்கும். திரையில் உள்ளிருப்பது தோன்றும்; சொடுக்கினால் வெளியிருப்பது திறக்கும். இவ்வளவே சூத்திரம். எனினும் இதிற் பலர் வழுக்கி விழுதலை யாம் கண்டுள்ளோம். பெரும்படத்தையே படக்குறியில் வைத்து, அதனை 160 புள்ளி அகலத்திற் காட்டுக என்று பணித்துவிடுவர். திரையிற் பார்ப்போர்க்கு அது சிறுபடமாகவே தோன்றும். ஆனால் 600 கிலோபைற்றும் முழுமையாக வந்திறங்கிய பின்னரே அது தோன்றும். கொழும்பில் விரைவான இணைப்புள்ளவர்க்கு இக்குற்றம் தெரியாது; கைத்தொலைபேசியில் அளந்து வாங்கிய தரவினைக்கொண்டு கிராமத்திலிருந்து பார்க்கும் மாணவனுக்குத்தான் அது தெரியும். வேறு சிலர் சிறுபடத்தைச் சிறுபடத்துக்கே இணைத்துவிடுவர். வாசகர் ஆவலோடு சொடுக்க, அதே நகத்தளவு உருவம் வெறுந்திரையின் நடுவே தனித்து நிற்கும். படலையைத் திறந்தவன் மீண்டும் படலையின் முன்னேயே நிற்பது போன்ற நிலை இது.

இவற்றினும் பெரிய கேடு, படத்தைப் பிறர் வீட்டில் வைத்துத் தம் வீட்டிலிருந்து வழிகாட்டுதல். இலவசமாகப் படங்களை ஏற்று வைக்கும் தளங்கள் 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திற் பல தோன்றின. உலகெங்கும் பலர் தம் படங்களையெல்லாம் அங்கே ஏற்றிவிட்டு, தம் பக்கங்களில் இணைப்பை மாத்திரம் வைத்தனர். யாகூ நிறுவனம் ஜியோசிற்றீஸ் தளத்தை 2009ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் மூடியபோது எண்ணற்ற பக்கங்களும் படங்களும் அதனோடு மறைந்தன. போற்றோபக்கெற் என்னும் தளம், பிற பக்கங்களிற் படங்காட்டும் உரிமைக்கு ஆண்டொன்றுக்கு 399 டொலர் வேண்டும் என்று 2017ஆம் ஆண்டிற் கட்டளையிட்டபோது, இரவோடிரவாகக் கணக்கற்ற பக்கங்களிற் படம் இருந்த இடத்தில் அறிவித்தற் பலகையே எஞ்சியது. சிறுபடமும் பெரும்படமும் ஒருவர் கையிலேயே இருந்தமையால் இரண்டும் ஒருங்கே போயின. படங்களை ஏற்றியோருட் பலர், தளத்தில் உள்ளதுதானே என்று கருதி, மூலத்தைத் தம்மிடத்து வைத்திருக்கவுமில்லை.

சுருக்குதலோடு வெட்டுதலும் சேரும்போது வேறொரு சிக்கல் பிறக்கின்றது. சிறுபடங்கள் நிரையாக அழகுற நிற்றற்பொருட்டு அவற்றை எல்லாம் ஒரே சதுரமாக்குதல் பலருக்கு விருப்பம். நீண்ட படத்தைச் சதுரத்தினுள் அமுக்கினால் எல்லாரும் மெலிந்து நெட்டையாவர். அது பிழையென எவருங் காண்பர். நடுப்பகுதியை மாத்திரம் வெட்டியெடுத்தாலோ பிழை மறைந்து நிற்கும். எமது வகுப்புப் படத்தில் நடுவெட்டின் பயனாய் எஞ்சுவோர் ஆசிரியரும் அவரைச் சூழ்ந்தோரும். ஓரத்தில் நின்றவர் ஒழிவர். நெட்டைப் படமாயின் தலை போய் மார்பே எஞ்சுதலும் உண்டு. இதனைத் தீர்க்க, படத்தில் எது முக்கியம் என்று பொறியே தீர்மானிக்கட்டும் என்று ருவிற்றர் நிறுவனத்தார் 2018ஆம் ஆண்டில் ஒரு முறையைப் புகுத்தினர். 2020ஆம் ஆண்டிற் பயனாளர் பலர், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒருங்கேயுள்ள படங்களில் அப்பொறி வெள்ளையரையே பெரும்பாலும் தெரிகின்றது என்று காட்டினர். நிறுவனத்தார் தாமே சோதித்து, அத்தகைய சாய்வு ஓரளவு உண்டென 2021ஆம் ஆண்டில் வெளியிட்டு, எவ்வாறு வெட்டுவது என்பதை மனிதரே தீர்மானிப்பது நன்றென்று கூறி அம்முறையைக் கைவிட்டனர். எவரைச் சாளரத்தில் நிறுத்துவது, எவரை ஓரத்தில் விடுவது என்பது பொறியியல் வினா மாத்திரம் அன்று.

கமராவினுள்ளும் ஒரு சிறுபடம் ஒளிந்திருப்பதைப் பலர் அறியார். 1995ஆம் ஆண்டில் யப்பானியர் வகுத்த நியமத்தின்படி, இலக்கமுறைக் கமரா ஒவ்வொரு படக்கோப்பினுள்ளும் எடுத்த நேரம் முதலிய விவரங்களோடு 160க்கு 120 அளவிலான சிறுபடம் ஒன்றையும் பொதிந்து வைக்கும். கமராவின் சிறுதிரையில் விரைந்து காட்டுதற்கென அமைந்தது அது. முன்னாளில் மென்பொருள்கள் சில, பெரும்படத்தை வெட்டிய பின்னரும் உள்ளிருந்த சிறுபடத்தை வெட்டாமல் விட்டுவிட்டன. வெட்டி மறைத்தோம் என்று கருதியது உள்ளே முழுமையாக இருந்தது! மாணவர் படங்களை வெளியிடும் ஆசிரியர், உள்ளிருக்கும் விவரங்களை நீக்கிய பின்னரே வெளியிடுதல் நன்று. கைத்தொலைபேசிப் படத்தில் எடுத்த இடத்தின் அகலக்கோடு நெடுங்கோடும் பொதிந்திருத்தல் கூடும்.

இனி, முன்னர்த் தள்ளிவைத்த பொருளுக்கு வருவோம். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அழிந்தவற்றை நாடறியும். வீடுகளில் அழிந்தவற்றுக்குக் கணக்கில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தினின்றும் இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் வெளியேறியபோது, அரிசியையும் பிள்ளைகளையும் சுமந்தோர் பலர். ஆல்பங்களைச் சுமந்தோர் சிலர். ஆகவே எமது கல்லூரியின் துடுப்பாட்ட அணி, மாணவர் விடுதி, மாணவத் தலைவர், நாடகக் குழு என்றிவற்றின் பழைய படங்களுட் பல இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலுமுள்ள அலுமாரிகளில் ஒவ்வொரு பிரதியாகவே எஞ்சியுள்ளன. அவற்றைக் கணினியில் ஏற்றிய அன்பர் பலர், காட்டுதற்கு எளிது என்று கருதிச் சிறிதாக்கி ஏற்றினர். செய்திச் செயலிகள் பல, படத்தை அனுப்பும்போது தாமாகவே அதனைச் சுருக்கியும் விடுகின்றன. கைக்குக் கை மாறி, ஒவ்வொரு கையிலும் ஒருமுறை சுருங்கி, ஈற்றில் எம்மை வந்தடைவது நகத்தளவே. இதனிடையே மூலப்பிரதி கறையான் வாய்ப்பட்டோ, உரியவர் மறைந்தபின் குப்பையொடு சென்றோ ஒழிந்துவிடுகின்றது.

இம்மலருக்கென வந்த படங்களில் இந்நிலையைக் கண்கூடாகக் கண்டோம். அச்சில் நன்கு விளங்க அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். ஆறங்குல அகலத்திற் படம் இடுவதற்கு 1800 புள்ளி வேண்டும். 160 புள்ளிப் படத்தை அம்முறையில் அச்சிட்டால் அரையங்குலமே வரும். உண்மையிலேயே பெருவிரல் நகம்தான். பெரிதாக்கித் தரலாகாதோ என்று அன்பர் சிலர் கேட்டனர். வகுப்பின் கணிதப் புள்ளிகளது சராசரி 54 என்று அறிந்த ஒருவர், அதனைக்கொண்டு ஒவ்வொரு மாணவனும் பெற்ற புள்ளியை மீட்டறிதல் இயலுமோ? இயலாது. நூறு நிறங்களின் சராசரியாகிய ஒரு புள்ளியிலிருந்து அந்நூறையும் மீட்டலும் அவ்வாறே இயலாது.

செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் இதனையுஞ் செய்கின்றனவே எனின், அவை மீட்கவில்லை, புனைகின்றன. தாம் முன்னர்க் கற்ற எண்ணிறந்த முகங்களிலிருந்து, அச்சராசரிக்குப் பொருந்தத்தக்க முகம் ஒன்றை ஆக்கிக் கொடுக்கின்றன. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட அத்தகைய மென்பொருளுக்குப் பராக் ஒபாமாவின் குறைபுள்ளிப் படம் கொடுக்கப்பட்டபோது, அது வெள்ளையர் ஒருவரின் முகத்தை ஆக்கித் தந்தது. உலகமே அறிந்த முகத்துக்கு நேர்ந்தது அது. 1950ஆம் ஆண்டின் அணியில் இரண்டாம் நிரையில் நின்ற, வேறு படமே இல்லாத ஒரு மாணவனின் முகத்துக்கு என்ன நேரும் என்பதை எண்ணிப் பார்க்க. அவனுடைய பேரர், அவனல்லாத ஒருவனைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டி மாலையிடுவர். இம்மலரில் அத்தகைய படங்களை யாம் ஏற்காமைக்குக் காரணம் இதுவே. மங்கலாயினும் மெய்யான படத்தையே, அதன் அளவுக்கேற்பச் சிறிதாக இட்டுள்ளோம்.

ஆதலின், படம் வைத்திருப்போர்க்கு எமது வேண்டுகோள் இது. எட்டங்குல அகலமும் ஆறங்குல உயரமுமுடைய பழைய படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளியாக வருடினால் குறுக்கே 4800 புள்ளியும் நெடுக்கே 3600 புள்ளியும் கிடைக்கும். அதனைச் சுருக்காமல் மூலமென வைக்க. அதன் பிரதியிலிருந்தே சிறுபடம் ஆக்குக. மூலத்தின்மேலே சிறுபடத்தை ஒருபோதும் சேமித்தல் கூடாது. ஒரே பெயரில் இரண்டையும் வைத்தோர் பலர் அவ்வாறே மூலத்தை இழந்தனர். அனுப்பும்போது படமாக அனுப்பாது கோப்பாக அனுப்புக. ஓரிடத்தில் அன்றி ஈரிடத்தேனும் வைக்க. 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் காத்துவரும் நூலக நிறுவனத்தாரின் தளத்தைப் பார்த்தோர் இம்முறையின் பயனை அறிவர். அங்கே முகப்பட்டை சிறிதாக நிற்கும். அதனைக் கடந்து சென்றால் நூல் முழுவதும் இருக்கும். வெளிநாட்டு நூலகங்கள் பல, ஒரே மூலத்திலிருந்து கேட்ட அளவிற் படத்தை ஆக்கிக் கொடுக்கும் பொதுமுறை ஒன்றை 2011ஆம் ஆண்டு முதல் வகுத்துக் கையாள்கின்றன. மூலம் பெரிதாக இருந்தால்தான் அதுவும் ஆகும்.

சட்டத்தைப் பற்றிச் சிலர் வினவினர். பிறர் எடுத்த படத்தைச் சிறுபடமாக்கிக் காட்டுதல் குற்றமோ? அமெரிக்காவில் லெஸ்லி கெலி என்னும் படப்பிடிப்பாளர் அரிபா சொஃப்ற் என்னும் தேடற்பொறி நிறுவனத்தின்மேல் வழக்கிட்டார். 2003ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம், சிறுபடங்கள் நியாயமான பயன்பாடு என்று தீர்த்தது. சிறுபடத்தைப் பெருக்கினால் தெளிவு கெடுமாதலின் அது மூலத்துக்குப் பதிலாக நிற்கமாட்டாது என்பது அத்தீர்ப்பின் காரணங்களுள் ஒன்று. யாம் மேலே குறையெனக் கூறியதே அங்கே காப்பாயிற்று! ஜேர்மனியின் உயர் நீதிமன்றமும் 2010ஆம் ஆண்டில் வேறொரு காரணத்தாற் கூகிளின் சிறுபடங்களைக் குற்றமன்று என்றது. தேடற்பொறி எடுக்காதவாறு தடுக்கும் வழி இருந்தும் அதனைச் செய்யாது தம் ஓவியத்தைத் திறந்துவைத்தவர் அதற்கு உடன்பட்டவராவர் என்பது அந்நீதிமன்றின் கருத்து. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படத்துக்கும் பதிப்புரிமை அளிக்கின்றது. நியாயமான பயன்பாட்டையும், அதன் நோக்கம், எடுத்த அளவு, சந்தைக்கு நேரும் பாதிப்பு முதலியவற்றை நோக்கி ஏற்கின்றது. எவ்வாறாயினும் படம் எடுத்தவர் பெயரைக் குறித்தலும், இயலுமிடத்து இசைவு பெறுதலும் நல்லோர் முறை.

எஞ்சியது ஒன்று. படக்குறியினுள் மாற்றுரை என்று ஒரு பகுதி உண்டு. பார்வையற்றோரின் கணினி அதனையே வாய்விட்டுப் படிக்கும். படம் வந்து சேராவிடத்தும் அதுவே தோன்றும். பலர் அதனை வெறிதே விடுவர், அல்லது படம் என்று எழுதி நிறுத்துவர். சொடுக்கினால் எது திறக்கும் என்பதை அங்கே எழுதுதல் வேண்டும்: ஆண்டு, அணி, இடம், எடுத்தவர். பெரும்படத்தின் கீழே பெயர்களை இடமிருந்து வலமாக, இருப்போர் முதலும் நிற்போர் பின்னுமாக, தலைப்பெழுத்தோடு எழுதுக. பெயர் தெரியாதவிடத்து ஊகித்து எழுதாது, அவ்விடத்தை வெற்றிடமாக விட்டு, எத்தனையாவது ஆள் என்பதை மாத்திரம் குறித்து வைக்க. அவரை அறிந்த மூத்தோர் இன்னும் எம்மிடையே உளர். அத்தகையோர் படத்தோடு வந்து, எவ்விடத்தில் எவர் நின்றார் என்று எழுதித் தருவதற்கென, விழா வாரத்தில் எமது நூலகத்தில் வருடும் பொறியும் மேசையும் வைக்கப்பட்டிருக்கும்.